அஞ்சலை பொட்டு வைத்த ஆறாவது கால்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் ஒருவர் போன வாரம் தான் செய்த சர்க்யூட் போர்டு ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். அழகான போர்டு. சாலிடர் ஈயம் வைத்த இடமெல்லாம் முத்து முத்தாக இருந்தது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இந்த ஐ.சி.யில் இந்தக் கால் எங்கே போகிறது?" என்று கேட்டேன். "அது தேவைப்படல சார், சும்மா விட்டுட்டேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் பாதி குடித்த காபியை அப்படியே வைத்துவிட்டேன். வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆன கிழவனுக்கு ஒரு காலுக்காக இவ்வளவு கோபமா என்று அவர் திகைத்துப் போனார். அவருக்குச் சொல்ல நினைத்ததை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஐ.சி. என்கிற கறுப்புச் சில்லின் கால்களில் சில பேசும், சில கேட்கும். கேட்கிற கால் உங்களுக்குத் தேவையில்லை என்றாலும் அதை மேலே மின்சாரத்தோடு கட்ட வேண்டும், இல்லையென்றால் கீழே கிரவுண்டு என்கிற பூஜ்ய வோல்ட் கம்பியோடு கட்ட வேண்டும். இரண்டும் செய்யாமல் தொங்கவிட்டால் அது சும்மா இருக்கும் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் டியூப் லைட் எரிந்தால் அதைக் கேட்கும். மோட்டார் ஓடினால் கேட்கும். நீங்கள் கையை நீட்டினால் அதையும் ஓர் உத்தரவாக எடுத்துக்கொண்டு எதையாவது செய்து வைக்கும். கல்யாண வீட்டில் வேலை ஒதுக்காமல் விட்ட மச்சானைப் பார்த்திருப்பீர்களே, அப்படி.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் திருச்சியில் ஒரு சின்ன கம்பெனியில் சர்வீஸ் என்ஜினீயர். என்ஜினீயர் என்று விசிட்டிங் கார்டில் போட்டிருந்தது. மற்றபடி பெட்டி தூக்குவது, பஸ் பிடிப்பது, வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவது எல்லாம் நான்தான். முதலாளி கெட்டிக்காரர். சர்க்யூட்டைத் தானே வரைவார், தானே சாலிடர் வைப்பார், தானே தன்னைப் பாராட்டிக்கொள்வார். அவர் செய்த கண்ட்ரோல் பேனல் ஒன்று அரியலூருக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் உடைக்கும் ஆலை ஒன்றில் இருந்தது. கல்லைக் கொண்டுபோகும் பெல்ட் எங்கேயாவது சிக்கினால் உடனே பெல்ட்டையும் கல் உடைக்கும் கிரஷரையும் சேர்த்து நிறுத்த வேண்டும். அந்தப் பேனலின் வேலை அவ்வளவுதான்.

அது சிக்கினாலும் நிறுத்தியது, சிக்காவிட்டாலும் நிறுத்தியது. கிரஷர் ஓடும்போது திடீரென்று நின்றால் அதன் வாய் நிறையக் கல் அடைத்துக்கொள்ளும். மறுபடி ஓட்ட வேண்டுமானால் ஆட்கள் அந்தக் குழிக்குள் இறங்கி, கல்லைக் கையால் எடுத்து வெளியே போட வேண்டும். அந்த வெயிலில், அந்தத் தூளில், ஒரு நாளைக்குப் பல தடவை. அங்கிருந்து வாரம் ஒரு புகார் வரும். எங்கள் ஆள் ஒருவர் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, கிரஷர்தான் ஓடவில்லை.

ஆயுத பூஜை முடிந்ததும் புகார் வருவது நின்றுபோனது. முதலாளி பூரித்துப் போனார். "புது மிஷின்னா கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். இப்ப செட் ஆயிடுச்சு பாரு" என்றார். மாசி கடைசியில் அந்த ஆலை மேனேஜரிடமிருந்து டிரங்க் கால், அதாவது அந்தக் காலத்து வெளியூர் போன், வந்தது. நான்தான் எடுத்தேன்.

"உங்க பேனல் நல்லா ஓடுது. ஏன் ஓடுதுன்னு கண்டுபிடிக்க உடனே ஒரு ஆள அனுப்புங்க."

என் சர்வீஸில் ஓடவில்லை என்ற புகார் ஆயிரம் கேட்டிருக்கிறேன். ஓடுகிறது என்று வந்த புகார் அது ஒன்றுதான்.

திருச்சியிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து அரியலூர் போகும் வழியில் இறங்க இன்னொரு பஸ். எனக்குச் சொந்த ஊர் அரும்பாவூர் என்பதால் அந்தப் பக்கத்து வெயிலும் பேச்சும் பழக்கம்தான். ஆனால் அந்த மேனேஜர் போன்ற ஒருவரை நான் பார்த்ததில்லை. ஐம்பது வயது, பெரிய மீசை, கறுப்புச் சட்டை. கடவுள் இல்லை என்பதைக் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, யாரும் கேட்காமலே சொல்வார். தொழிலாளிகள் பழக்க தோஷத்தில் "சாமி" என்று கூப்பிட்டால், "சாமியும் இல்ல பூதமும் இல்ல, அய்யான்னு கூப்பிடு" என்று அதட்டுவார். ஒரே ஒரு சங்கடம், அந்தக் கறுப்புச் சட்டை காலை பத்து மணிக்கெல்லாம் சுண்ணாம்புத் தூள் படிந்து, ஆள் விபூதி பூசிக்கொண்டது போல ஆகிவிடும். அதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

அவர் என்னைப் பேனல் அறைக்கு நேரே கூட்டிக்கொண்டு போனார். கதவைத் திறந்ததும் சந்தன வாசனை அடித்தது. பேனல் அறையா, கோயில் கருவறையா என்று ஒரு கணம் எனக்குச் சந்தேகம் வந்தது.

மின்விசிறிக்கு நேர் கீழே ஸ்டூல் போட்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் பித்தளைக் கிண்ணம். எங்களைப் பார்த்ததும் எழுந்து, பேனல் கதவைத் திறந்து, ஈரச் சந்தனத்தை விரலால் தொட்டு உள்ளே கையை நீட்டினார். போர்டிலிருந்த ஒவ்வொரு ஐ.சி.க்கும் ஒரு பொட்டு. அவர் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நானூற்று நாற்பது வோல்ட் செப்புப் பட்டை, மூடி கூட இல்லாமல்.

"கைய எடுங்க! கைய எடுங்க!" என்று கத்தினேன்.

அவர் நிதானமாகத் திரும்பிப் பார்த்தார். "என்னாங்க சார் இப்புடிக் கத்துறீங்க? பொட்டு நவுந்துறும்ல."

அவர் பெயர் அஞ்சலை. பல வருஷம் குழியில் இறங்கிக் கல் எடுத்தவர். அவர் பேனல் அறைக்கு வந்த கதையை மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள். மேனேஜர் அன்றைக்கு லீவு போட்டுவிடுவார், அது அவர் கொள்கை. ஆலை எலக்ட்ரீசியன், பேனலுக்கு வெளியே தகரத்தில் பொட்டு வைத்தால் போதாது, மிஷின் உள்ளேதான் இருக்கிறது என்று கதவைத் திறந்துவிட்டார். தட்டை ஏந்திக்கொண்டு நின்ற அஞ்சலை போர்டிலிருந்த எல்லாச் சில்லுக்கும் பொட்டு வைத்துவிட்டார். மறுநாள் விஜயதசமிக்கும் புதிதாக வைத்துவிட்டு ஓட்டியிருக்கிறார்கள். பேனல் வந்த நாளிலிருந்து முதல் தடவையாகக் கிரஷர் அன்று பூராவும் நிற்காமல் ஓடியது. அடுத்த நாள் பொட்டு இல்லை, கிரஷர் மறுபடி நின்றது. பொட்டு வைத்தார்கள், ஓடியது. அதற்கு மேல் யாருக்கு என்ன ஆதாரம் வேண்டும்?

"ஐப்பசி கார்த்திகையில ஒரு நாளைக்கு ஒரு தடவ வெச்சாப் போதும்னு இருந்துச்சு. வெயில் ஏற ஏற இப்ப நாலு தடவ. அதனால இந்தம்மாவ இங்கயே உக்கார வெச்சாச்சு" என்றார் மேனேஜர். "ஸ்டோர்ல சந்தனத்துக்கு இண்டெண்ட் சீட்டு போட்டு நான் கையெழுத்துப் போடுறேன் தம்பி. நான்! சந்தனம்னு எழுத மனசு வரல. குளிர்ச்சிப் பசைன்னு எழுதியிருக்கேன்."

சிரிப்பை அடக்க நான் பேனலுக்குள் தலையை விட வேண்டியதாயிற்று.

ஆனால் அது சிரிக்கும் விஷயம் மட்டும் இல்லை. மேனேஜர் சாப்பிடப் போனதும் அஞ்சலை என்னிடம் வந்து நின்றார்.

"சார், நீங்க என்னமோ கண்டுபுடிக்க வந்திருக்கீங்களாமே?"

"ஆமாக்கா."

"எனக்கு மாசச் சம்பளத்துல பேனல் உதவியாளர்னு போட, மிஷின் நிக்காம ஓடுறதப் பாத்துட்டு ஹெட் ஆபீஸ்லேருந்து உத்தரவு வந்து மேனேஜர் அய்யா மேசையில கெடக்குது. அவரு கையெழுத்துப் போட மாட்டேங்குறாரு. பூசாரிக்கெல்லாம் சம்பளம் போட முடியாது, காரணம் தெரியட்டும், அப்பறம் பாக்கலாம்னு சொல்லிட்டாரு. நீங்க காரணத்தக் கண்டுபுடிச்சுட்டீங்கன்னா பொட்டு வேண்டாம்னு ஆயிரும். என்னய மறுபடி குழிக்கு அனுப்பிருவாங்க." தன் கைகளை நீட்டிக் காட்டினார். இரண்டு கட்டை விரல் நகமும் கல் நசுக்கிக் கறுத்துக் கிடந்தன. "பாத்து செய்யுங்க."

பாத்து செய்யுங்க என்றால் என்ன செய்வது? கண்டுபிடித்தால் அவர் பிழைப்பு போகும். கண்டுபிடிக்காவிட்டால் அந்தச் செப்புப் பட்டையில் என்றாவது ஒரு நாள் அவர் உயிரே போகும். ஈர விரலோடு ஒரு நாளைக்கு நாலு தடவை! இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நம் தொழிலில் மீட்டர் காட்டுகிற எண்ணை யாரும் படித்துவிடலாம், அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதுதான் பிடிபடாது.

முதலில் நான் செய்தது படித்தவன் செய்கிற முட்டாள்தனம். போர்டில் இருந்த தூளும் காய்ந்த சந்தனமும் குங்குமமும் என் கண்ணை உறுத்தின. ஸ்பிரிட்டைத் தொட்டு எல்லாவற்றையும் பளிச்சென்று துடைத்தேன். மிஷினை ஓட்டச் சொன்னேன். முதல் கல் உள்ளே விழுந்து பத்து நிமிஷம் ஆகவில்லை, டபக்கென்று நின்றது. ஆட்கள் குழிக்குள் இறங்கி, என் குலத்தையும் கோத்திரத்தையும் பற்றிப் பேசிக்கொண்டே கல்லை அள்ளினார்கள். ஓட்டினோம். மறுபடி நின்றது. எலக்ட்ரீசியன் என்னிடம் வந்து, "சார், நீங்க ஊருக்குப் போறது எப்போ?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "என்ன தம்பி, இத்தன நாள் ஓடுனத வந்து நிறுத்திட்டீங்களே!"

அஞ்சலை கிண்ணத்தோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. துடைத்ததால் நின்றது என்றால், துடைத்ததில் ஏதோ இருந்திருக்கிறது. பெல்ட்டைக் காலியாக ஓட்டச் சொன்னேன், கல் போட வேண்டாம் என்றேன். நின்றாலும் யாரும் குழிக்குள் இறங்க வேண்டாம் அல்லவா? மெயினை அணைத்து, போர்டை மட்டும் அதன் வயர்களோடு வெளியே இழுத்து, செப்புப் பட்டைக்கு எட்டாத தூரத்தில் ஸ்டூலின் மேல் வைத்து, மறுபடி மெயினைப் போட்டேன்.

"அக்கா, இப்ப ஒண்ணொண்ணா வைங்க. ஒண்ணு வெச்சதும் நிறுத்திக்குங்க. நான் சொன்ன பொறவு அடுத்தது."

"அப்புடியெல்லாம் இஷ்டத்துக்கு வெக்க முடியாதுங்க. வரிசை இருக்கு" என்றார் அவர். "மொதல்ல புள்ளையாரு. அப்பறம் மாரியாயி. அப்பறம் அய்யனாரு."

ஒவ்வொரு சில்லுக்கும் அவர் பெயர் வைத்திருந்தார். நான் தலையாட்டினேன். பிள்ளையாருக்குப் பொட்டு வைத்தார், ஓட்டிப் பார்த்தோம், பெல்ட் நின்றது. மாரியாயிக்கு வைத்தார், நின்றது. அய்யனாருக்கும் நின்றது. மேனேஜர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தன் வாழ்நாள் கொள்கை சில்லு சில்லாகச் சோதிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையார் தோற்றதில் அவருக்குக் கொஞ்சம் மகிழ்ச்சிதான்.

"அந்த மூலையில இருக்கறது யாருக்கா?"

"அதுவா? அது எங்க மாமியாரு. ஓரமாக் கருப்பா ஒண்டியா குந்தியிருக்குல்ல, அதான். அவங்களுக்கு மட்டும் ஓரத்துல கூடக் கொஞ்சம் அப்பி வெப்பேன். செத்துப் போயும் எனக்கு அந்தப் பயம் போவல."

மாமியாருக்குப் பொட்டு வைத்தார். பெல்ட் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. டீ வந்தது, குடித்தோம், அப்போதும் ஓடியது. ஈரத்துணியால் அந்த ஒரு பொட்டை மட்டும் துடைத்து, ஊதிக் காயவைத்தேன். நின்றது.

"கோளாறு உங்க மாமியார்கிட்டதான்க்கா" என்றேன்.

"அத நான் அப்பவே எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவரு எங்க கேட்டாரு?"

எலக்ட்ரீசியன் சிரித்து டீயைச் சிந்திக்கொண்டார். நான் லென்ஸை எடுத்து மாமியாரைக் குனிந்து பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சில்லில் ஏழாவது கால் கிரவுண்டு. அதற்குப் பக்கத்தில் ஆறாவது கால் எதோடும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலுக்கு மின்சாரம் வந்ததாகத் தோன்றினால் சில்லு உடனே கிரஷரை நிறுத்தும். எங்கள் முதலாளி பழைய டி.டி.எல். வகைச் சில்லுகளில் கை பழகியவர். அந்த வகையில் இதே வேலையைச் செய்யும் காலைக் கீழே இழுத்தால்தான் அது விழித்துக்கொள்ளும், தொங்கவிட்டால் பேசாமல் கிடக்கும். புதிதாக வந்த சி-மாஸ் வகையில் எல்லாம் தலைகீழ். மேலே போனால்தான் விழிக்கும், தொங்கவிட்டால் எந்த நேரமும் மேலே போகும். சில்லை மாற்றியவர் பழக்கத்தை மாற்றவில்லை. அஞ்சலையின் ஈரப் பொட்டு ஆறாவது காலையும் ஏழாவது காலையும் சேர்த்து மெழுகியதால் அந்தக் கால் கிரவுண்டோடு கட்டுப்பட்டுக் கிடந்தது. சந்தனம் காயக் காயக் கட்டு அவிழ்ந்தது. மழைக் காலத்தில் காய ஒரு நாள் பிடித்தது, வெயிலில் இரண்டு மணி நேரம் தாங்கவில்லை. ஏன் நாலு தடவை என்பது இப்போது விளங்கியது.

ஆலை ஆபீஸிலிருந்து முதலாளிக்கு டிரங்க் கால் போட்டேன். வெகுநேரம் காத்திருந்து லைன் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தக் கால கிரவுண்டோட சேத்து ஒரு வயர் வெச்சுடு. மிச்சம் தொங்குறது எல்லாத்தையும் கட்டிடு. யார்கிட்டயும் எதுவும் சொல்லாதே. கேட்டா, புழுதி அடைச்சிருந்துச்சு, சுத்தம் பண்ணியாச்சுன்னு சொல்லு."

"சந்தனத்தப் பத்திக் கேட்டா?"

"அது தற்செயல்னு சொல்லு. அவர் சாமி கும்பிடாதவர், சந்தோஷப்படுவார்." லைன் அறுந்தது.

போர்டில் தொங்கிய கால்கள் எல்லாவற்றையும் அன்றைக்கே கட்டினேன். அதைத் தள்ளிப்போட எனக்குத் துணிவில்லை. உத்தரவு கையெழுத்தாகட்டும், அதுவரை பொட்டு வைக்கட்டும் என்று ஒரு யோசனை வரத்தான் செய்தது. அந்தச் செப்புப் பட்டையை நினைத்ததும் அந்த யோசனையை விட்டேன். நான் சாலிடர் வைப்பதை அஞ்சலை பார்த்துக்கொண்டே நின்றார். இரும்பு தொட்ட இடத்தில் ஒரு துளி வெள்ளி பளபளத்தது.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான்க்கா."

போர்டைப் பேனலில் பொருத்தினோம். கல்லைப் போட்டு ஓட்டினோம். பொட்டே இல்லாமல் கிரஷர் ஓடியது. மறுநாள் உச்சி வெயிலிலும் ஓடியது, சாயங்காலம் வரை ஓடியது. ஆட்கள் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

மேனேஜர் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். எலக்ட்ரீசியனும் வந்தார். அஞ்சலை கதவோரம் நின்றார். மேசையில் ஹெட் ஆபீஸ் உத்தரவு கண்ணாடி வெயிட்டுக்குக் கீழே கிடந்தது. மேனேஜர் முகத்தில் கல்யாணக் களை.

"ஒரே கேள்வி தம்பி. இதுல சாமி உண்டா, இல்லையா?"

"இல்லீங்க சார்."

"கேட்டுக்கோ!" என்றார் எலக்ட்ரீசியனிடம். "ஆயிரம் தடவ சொன்னேன். சரி, அப்ப இத்தன நாள் என்னதான் கோளாறு?"

வாயில் புழுதி என்ற வார்த்தை தயாராக இருந்தது. முதலாளியின் சோற்றைத் தின்கிறவன் நான். மூன்றே எழுத்து, சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். ஆனால் புழுதி என்றால் சந்தனம் தற்செயல் ஆகிவிடும். சந்தனம் தற்செயல் என்றால் இந்த அம்மாள் இத்தனை மாதம் ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்றுமே செய்யாதவர் ஆகிவிடுவார். கதவோரம் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்தக் காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோளாறு எங்களோடது சார். கட்ட வேண்டிய ஒரு கால எங்க கம்பெனி கட்டாம வுட்டுருச்சு. அதனாலதான் நின்னு நின்னு போச்சு. இந்தக்காவோட ஈரப் பொட்டு அந்தக் கால கிரவுண்டோட சேத்துப் புடிச்சுது. நாங்க ஒரு வயர் வெச்சு செஞ்சிருக்க வேண்டிய வேலைய இவங்க தெனமும் விரலால செஞ்சாங்க. இவங்க வெக்காம இருந்திருந்தா உங்க கிரஷர் ஓடியிருக்காது."

இதற்காக முதலாளியிடம் நான் பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டதை அச்சில் எழுத முடியாது.

மேனேஜர் எங்கள் கம்பெனியைப் பற்றி உரக்கச் சில வார்த்தைகள் சொன்னார். எல்லாம் நியாயமான வார்த்தைகள். சொல்லி ஓய்ந்ததும், "எப்படியோ, காரணம் தெரிஞ்சுபோச்சு. மூடநம்பிக்கை ஒழிஞ்சுது. அஞ்சல, இனிமே பொட்டு கிட்டு ஒண்ணும் வேணாம். நாளைலேருந்து நீ பழையபடி குழி வேலைக்கே போயிடு" என்று உத்தரவுக் காகிதத்தை இழுத்து மடிக்கப் போனார்.

"அய்யா, ஒரு சந்தேகங்க" என்றார் அஞ்சலை.

"சொல்லு."

"சாமி ஓட்டலைங்களே?"

"இல்ல. சாமின்னு ஒண்ணு இருந்தாத்தான ஓட்டும்?"

"ஒத்துக்கிறேங்க. இத்தன நாளும் சாமிதான் ஓட்டுதுன்னு நானும் கும்புட்டுக்கிட்டு இருந்தேன். சாமி ஓட்டியிருந்தா சாமிக்கு ஒரு கும்புடு போட்டுட்டு நான் பேசாமக் குழிக்குப் போயிருவேன். சாமி ஓட்டலன்னு நீங்களும் சொல்லிட்டீங்க, சாரும் சொல்லிட்டாரு." அவர் கதவோரத்திலிருந்து மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "அப்ப ஓட்டுனது யாருங்க? நான்தானுங்களே? சாமி ஓட்டலன்னா நான் ஓட்டுனேன். நான் ஓட்டுனேன்னா எனக்கு என்னா செய்யப் போறீங்க?"

எலக்ட்ரீசியன் கூரையைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். மனிதன் உழைப்பான், பெயர் சாமிக்குப் போகும், அதுதான் நம் நாட்டைக் கெடுத்தது என்று பேச, பெரம்பலூரிலும் அரியலூரிலும் மேனேஜர் ஏறாத மேடை இல்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதே பேச்சு இப்போது அவர் மேசைக்கு எதிரே வந்து நின்று, கறுத்த கட்டை விரலோடு பதில் கேட்டது. வேறு எந்த மேனேஜராக இருந்தாலும் அதட்டித் துரத்தியிருப்பார். இவர் மனிதர். தான் பேசியதைத் தானே நம்பிய மனிதர். அப்படிப்பட்டவர்களை நான் என் வாழ்க்கையில் அதிகம் பார்த்ததில்லை.

மடித்த காகிதத்தைப் பிரித்தார். பேனாவைத் தேடினார். சட்டைப் பையில் பேனா இல்லை, என்னுடையதைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்தார்.

"நான் முப்பது வருஷமா இதையே பேசுறேன். கைதான் தட்டுவானுங்க" என்றார் எங்களிடம். "இவ ஒரு தடவ பேசினா கையெழுத்தே போட வேண்டியிருக்கு." பிறகு அஞ்சலையிடம் காகிதத்தை நீட்டினார். "பேனலப் பாத்துக்க. தூசி தட்டு. நின்னா உடனே ஆளக் கூப்பிடு. உள்ள கைய வெச்சே, வேலைய விட்டுத் தூக்கிடுவேன்."

"சரிங்க சா..." என்று ஆரம்பித்து, "சரிங்க அய்யா" என்று முடித்தார் அஞ்சலை.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது அவர் பின்னாலேயே வந்தார். காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"சார், எனக்குப் படிக்கத் தெரியாது. என்னா போட்டுருக்குன்னு கொஞ்சம் படிங்க."

படித்தேன். பெயர், வேலை, சேரும் நாள்.

"இன்னொரு தரம் படிங்க."

படித்தேன். அரியலூரிலிருந்து வரும் பஸ் தூரத்தில் தெரிந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"சந்தனம்னு எங்கயாச்சும் போட்டுருக்குங்களா?"

"இல்லக்கா. எங்க பாத்தாலும் உங்க பேருதான் இருக்கு."